ஹலோ சொல்லும் இடைவெளி

“இந்த ஆளுக்கு எத்தனை மூக்கு இருக்கு?” என்று கேட்டார் அப்பா.

அவர் கையில் தேய்த்து முடித்த லென்ஸ் ஜோடி ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேசையில் அதே அளவில், அதே பருமனில் இன்னும் மூன்று ஜோடிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் இருந்த சின்னப் பிரிண்டர் கிர்ரென்று முனகி அடுத்த சீட்டைத் துப்பியது. அப்பா அதைக் கிழித்து, தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தார்.

“அதே பேர். அதே பவர். இடது கண்ணு கொஞ்சம் கூடுதல். இவன் ஒருத்தனுக்காகவா நான் பட்டறை வச்சிருக்கேன்?”

“ஆர்டர் ஒண்ணுதாம்பா. சீட்டுதான் திரும்பத் திரும்ப வருது,” என்றாள் மகள்.

“ஏன் வருது?”

அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்தது சரிதானா என்பதில்தான் சந்தேகம். அவளுக்கு எதிலும் சந்தேகம். பூட்டிய கதவைப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள். சின்ன வயதிலேயே பெரியப்பா மகன் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டான். அவள் அறைக்குள் நுழைந்தால் “சந்தேகம் வந்துடுச்சு” என்பான். வெளியே போனால் “தீர்ந்துது” என்பான். அப்படிக் கேலி செய்யக்கூட ஆளில்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது.

“நான்தான்பா காரணம்,” என்றாள். “நேத்து மத்தியானம் ரவுட்டர்ல சின்னதா ஒண்ணு மாத்தினேன்.”

“சின்னதா,” என்றார் அப்பா, நாலு ஜோடியையும் பார்த்து.

கடை ஒன்று, கட்டடம் இரண்டு. தெருவைப் பார்த்த முன்கட்டில் பெரியப்பா கண்களைச் சோதித்து ஃபிரேம் விற்பார். பின்கட்டில் அப்பா லென்ஸ் தேய்ப்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. அதில் ஓர் அடுப்பு, இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரக்கூடிய ஒரு பெஞ்சு, டீ போடும் அக்கா. ஒரு காலத்தில் அண்ணனும் தம்பியும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார்கள். பெரியப்பா ஏதாவது சொல்வார். அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறும். பெரியப்பாவே அவர் தலையில் தட்டி, “மெதுவாடா, டீ எங்கேயும் ஓடிடாது” என்பார். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டால் சந்தேகமும் பெரியப்பா மகனும் விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வருவார்கள், மிச்ச பிஸ்கட்டுக்கு.

பிறகு ஒரு நாள் அப்பா, இடது லென்ஸை வலது பக்கம் பொருத்தி அனுப்பிவிட்டார். பெரியப்பா வாடிக்கையாளர் முன்னாலேயே, “உனக்குக் கண்ணு தெரியலையா?” என்று கேட்டுவிட்டார். வேறு தொழிலில் இருப்பவரிடம் கேட்டால் சாதாரணக் கேள்வி. லென்ஸ் தேய்ப்பவரிடம் கேட்கலாமா?

அன்றோடு பேச்சு நின்றது. தொழில் நிற்கவில்லை. தேய்த்த லென்ஸைத் தட்டில் வைத்தால் டீயக்கா முன்கட்டுக்குக் கொண்டுபோவாள். இரண்டு முதலாளிகளும் அவளுக்குத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன உத்தரவு ஒன்றுதான்: “தட்டைக் கொண்டு போ. பேச்சைக் கொண்டு போகாதே.”

ஆர்டர்கள் டீ அறையின் கூரையோரம் ஓடும் ஒரு கேபிள் வழியாக வரும். கேபிளின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கொரு ரவுட்டர். முன்பு யாரோ ஒரு ஆள் வந்து, ‘முன்கட்டுக்கு இந்த வழி, பின்கட்டுக்கு இந்த வழி’ என்று இரண்டிலும் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனார். எழுதியது எழுதியபடியே கிடந்தது. பின்கட்டு இணையம் படுத்தால், பக்கத்திலேயே முன்கட்டு இணையம் ஓடிக்கொண்டிருந்தாலும் அப்பாவால் கண்ணாடிச் சரக்குக்குச் சொல்லி அனுப்ப முடியாது. ஒவ்வொரு முறை படுக்கும்போதும் அப்பா ஒரே வசனத்தைச் சொல்வார்: “இவங்களோட ஒட்டிக்கிட்டு இருக்கறதுக்கு எங்கேயாவது தனியா போயிடலாம்.”

இந்த மாதம் அது வசனமாக இல்லை. ஊரின் மறுகோடியில் ஓர் இடம் பார்த்துவிட்டார். சனிக்கிழமை சாவி.

அதனால்தான் அவள் ரவுட்டரில் கை வைத்தாள். அந்தக் கேபிள் ஒன்றாவது ஒழுங்காக இருந்தால், அப்பாவிடம் “எதுக்குப்பா போகணும்?” என்று கேட்க ஒரு வாய் கிடைக்கும்.

வழி அவளுக்கு மாலை வகுப்பில் கிடைத்தது. ஆசிரியர் பலகையில் இரண்டு வட்டம் போட்டார்.

“இது ஒரு ரவுட்டர், இது இன்னொண்ணு. கையால வழி எழுதி வச்சா, அது அடைச்சதும் ரெண்டும் முழிச்சிக்கிட்டு நிக்கும். ஓஎஸ்பிஎஃப்னு ஒரு முறை இருக்கு, அதைப் போட்டு விட்டீங்கன்னா அதுகளே பேசிக்கும். எனக்கு இந்த வழி தெரியும், உனக்கு எது தெரியும்னு கேட்டுக்கும். ஆனா பேசறதுக்கு முன்னாடி ஹலோ சொல்லணும். விடாம சொல்லிக்கிட்டே இருக்கணும். முக்கியமா, ரெண்டும் ஒரே இடைவெளியில சொல்லணும். நீ பத்து வினாடிக்கு ஒரு தடவை, அவன் முப்பது வினாடிக்கு ஒரு தடவைன்னா, காலம் பூரா ஹலோ சொன்னாலும் ரெண்டும் அண்டை வீடு ஆகாது.”

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அவள் இரண்டு முறை எழுதிக்கொண்டாள். பெஞ்சு ஆடியதால் எழுத்து கோணியது. மூன்றாவது வரிசையில் அவள் உட்காரும் அந்தப் பெஞ்சின் கால்கள் ஒரே மட்டத்தில் இல்லை. அட்டையை மடித்து ஒரு காலுக்கு அடியில் செருகிவிட்டு வருவாள். அடுத்த வகுப்புக்குப் போனால் அட்டை எதிர்க்காலுக்கு இடம் மாறியிருக்கும். பெஞ்சு இந்தப் பக்கம் ஆடும். மாற்று நாள் வகுப்பில் யாரோ ஒரு மேதாவி.

செய்ய வேண்டியதை எல்லாம் வரிசையாக ஒரு தாளில் அச்சடித்து, லென்ஸ் தட்டின் அடியில் வைத்தாள். டீயக்கா அதை எட்டிப் பார்த்தாள்.

“இது பேச்சா, சாமானா?”

“தாளுக்கா.”

“தாளுன்னா சரி.”

சாயந்திரம் தாள் திரும்பி வந்தது. பின்பக்கத்தில் ‘சரி’ என்று ஒரே ஒரு சொல். வாலும் காலும் நீண்ட அந்த எழுத்தை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பெரியப்பா மகன் பையனாக இருந்தபோதே மேலே மேலே வளர்ந்துகொண்டு போனவன். பதிலுக்குப் பதிலாக அவள் அவனுக்கு வைத்த பெயர் ஒட்டடை. ஒட்டடைக்குச்சியின் சுருக்கம். முன்கட்டுக் கணினிகளை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான் என்று கேள்வி.

அந்த ஒற்றைச் சொல்லை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் வரும் அட்டைப் பெட்டிகள் இரண்டை எடுத்து, நூல் கட்டி, டீ அறைச் சுவரின் காற்றுத் துளை வழியாக இழுத்து இருவரும் டெலிபோன் பேசியது ஞாபகம் வந்தது. பாதி நேரம் ஒன்றும் கேட்காது. இருவரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். அல்லது இருவரும் ஒரே சமயத்தில் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பெரியவர்களின் பேச்சு நின்ற வாரம், நூலும் அறுந்து கிடந்தது. அவன்தான் அறுத்தான் என்று அவள் அன்று முடிவு செய்ததை, எதையும் மறுபடி சரிபார்க்கும் அவள், இன்றுவரை சரிபார்க்கவில்லை.

தாளில் அவள் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. ஹலோவின் இடைவெளி. அது தானாகவே பத்தில்தான் நிற்கும் என்று நினைத்தாள். அவள் பெட்டியில் அப்படித்தான் நின்றது. முன்கட்டில் இருந்தது வேறு வகைப் பழைய பெட்டி. அது முப்பதில் நின்றது.

“அதாவதுப்பா,” என்று இப்போது அவள் விளக்கினாள், “ஆர்டர் இங்க வந்துடுது. ‘கிடைச்சுது’ன்னு நம்ம கம்ப்யூட்டர் சொல்ற பதில் அங்க போகலை. பழைய வழியை நான் இங்க அழிச்சிட்டேன், அங்க அது இன்னும் இருக்கு. புது வழி இன்னும் உருவாகலை. பதில் வரலைன்னதும் அது மறுபடி அனுப்புது.”

“பதில் வரலைன்னா விட்டுட வேண்டியதுதானே. எதுக்கு விடாம கூப்பிடணும்?”

“அதோட சுபாவம் அதுப்பா.”

“அவனோட கம்ப்யூட்டர்தானே. எனக்குக் கண்ணு தெரியாதுன்னுதான் ஒண்ணையே நாலு தடவை அனுப்பறான்.”

அவள் மதியத்துக்காகக் காத்திருந்தாள். ஆர்டர் ஓடும் நேரத்தில் ரவுட்டரைத் தொடக் கூடாது என்று இரண்டு கட்டிலும் கண்டிப்பு. சாப்பாட்டு நேரத்தில், முன்கட்டு ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்போது மட்டும் தொடலாம். நேரம் வந்ததும் திரையைத் திறந்தாள். ரவுட்டரே புகார் எழுதி வைத்திருந்தது: எதிர்ப்பக்கம் முப்பதில் ஹலோ சொல்கிறது, நாம் பத்தில் இருக்கிறோம், பொருந்தவில்லை.

அவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. விட்டுக்கொடுப்பதில் என்ன குறைந்துவிடும்? முப்பது என்று மாற்றினாள். அழித்த பழைய வழியையும் பாதுகாப்புக்காகத் திரும்ப எழுதி வைத்தாள். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். நிமிர்வதற்குள் ரவுட்டர் புதிதாக ஒரு புகார் எழுதியது: எதிர்ப்பக்கம் பத்தில் ஹலோ சொல்கிறது, நாம் முப்பதில் இருக்கிறோம்.

போதாததற்கு எதிர்ப்பக்கம் பழைய வழியை அழித்தும் இருந்தது. அவள் வாய்விட்டே, “அடப்பாவி” என்றாள். முன்கட்டு ஷட்டர் கடகடவென்று ஏறும் சத்தம் கேட்டது. இனி நாளைக்குத்தான்.

மதியத்துக்கு மேல் பின்கட்டுப் பிரிண்டர் வாயைத் திறக்கவில்லை. அப்பா ஒரே ஆளுக்குத் தேய்த்த லென்ஸ்களை ஒரு தட்டில் வைத்து, தயார் என்று கணினியில் தட்டினார். பிறகு எழுந்து டீ அறை வாசலில் தலையை நீட்டினார்.

“வந்துட்டுப் போயிட்டானா?”

“போயிட்டாருங்க. இன்னைக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்துட்டாரு,” என்றாள் டீயக்கா.

“ம்.”

அந்த ‘ம்’மில் எத்தனை வெறுப்பு என்று இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே மகள் நினைத்தாள். அப்பா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாகக் கிடந்தது. டீயக்கா பழக்கத்தில் இரண்டு கிளாஸ்களை எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள். எல்லா வருஷமும் இதே கதைதான். அப்பா சில நாள் சாப்பாட்டுக்கு முன்னால் டீ குடிப்பார். திடீரென்று சாப்பாட்டுக்குப் பின்னால் என்று மாற்றிக்கொள்வார். அண்ணன் மூச்சு பட்ட காற்றுகூட ஆகாது போல. பெரியப்பாவும் சளைத்தவர் இல்லை, அவரும் மாற்றிக்கொண்டே இருப்பார்.

சாயந்திரம் தட்டு திரும்பி வந்தது. அதில் லென்ஸ் இல்லை. முன்கட்டுப் பிரிண்டர் அடித்துத் தள்ளிய சீட்டுகள் குவியலாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ‘தயார்’ என்றிருந்தது. தயார், தயார், தயார். இப்போது பதில் வராமல் விடாது கூப்பிட்டது இவர்கள் பக்கத்துக் கணினி.

“என்ன இது?” என்றார் அப்பா.

“குடுத்தாரு, கொண்டு வந்தேன்,” என்றாள் டீயக்கா.

“ஏதாவது சொன்னானா?”

“பேச்சைக் கொண்டு வரக் கூடாதுன்னு இருக்கீங்களே.”

அப்பா சீட்டுகளைக் கசக்கிப் போட்டார். “தயாரு தயாருன்னு நானா அவனைக் கூப்பிட்டேன்? குப்பையை அனுப்பறான் பாரு.”

மறுநாள் மதியம் அவள் இன்னும் கீழே இறங்கினாள். எதிர்ப்பக்கம் பத்தில் இருக்கிறதா, சரி, நாமும் பத்து. எதிர்ப்பக்கம் பழைய வழியை அழித்துவிட்டதா, சரி, நாமும் அழிப்போம். தட்டி முடித்து மூச்சு விட்டாள். எதிர்ப்பக்கம் முப்பதில் ஹலோ சொல்கிறது என்றது ரவுட்டர். பழைய வழியும் அங்கே உயிர்த்தெழுந்திருந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. குனிந்தால் நிமிர்கிறான், நிமிர்ந்தால் குனிகிறான். ‘சரி’ என்று எழுதியது எந்த நோக்கத்தில்? அறுந்த நூலை நினைத்துக்கொண்டாள்.

ஷட்டர் ஏறியதுதான் தாமதம், பின்கட்டுப் பிரிண்டர் இரண்டு நாள் பாக்கியைச் சேர்த்துத் துப்பத் தொடங்கியது. சீட்டு மேசையிலிருந்து வழிந்து, தரையில் சுருண்டு, அப்பாவின் செருப்பைச் சுற்றிக்கொண்டது. பழைய மூக்கு மனிதர் மறுபடி வந்தார். கூடவே ஒரு பள்ளி ஆசிரியை நூறு முறை வந்தாள். எது புதுசு, எது பழசு என்று பிரிப்பதற்குள் அப்பா, யாருமே கேட்காத இரண்டு ஜோடியைத் தேய்த்துவிட்டார். யாரோ நிஜமாகவே கேட்ட ஒன்றை விட்டுவிட்டார்.

இயந்திரத்தை நிறுத்தினார். அது சுற்றி ஓய்ந்தது. பிறகு, “சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்குச் சாப்பிட்டதும் போய்ச் சாவியை வாங்கிடறேன்,” என்றார்.

“இன்னும் ஒரு தடவை மாத்திப் பாக்கறேன்பா.”

“மாத்தினது போதும். மாத்தி மாத்தி எனக்கும் அலுத்துப் போச்சு,” என்றார் அப்பா. ரவுட்டரைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் அவள் திரையைத் திறக்கவே இல்லை. முன்கட்டு ஷட்டர் பாதி இறங்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய் டீ அறைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் காற்றுத் துளை. அதன் ஓரத்தில் நூலைக் கட்டிய ஆணி இன்னும் இருந்தது. அப்போது அது எட்டாத உயரமாக இருந்தது. ஒட்டடைதான் எக்கிக் கட்டுவான். இப்போது எழுந்து நின்றால் கண்ணுக்கு நேரே இருக்கும்.

“இன்னைக்குப் பெட்டியைத் தட்டலையா பாப்பா?” என்றாள் டீயக்கா.

“இல்லக்கா. நான் தட்டத் தட்ட மோசமாகுது.”

“அப்ப டீ குடி.”

குடித்தாள். பின்பக்கம் அப்பா ஸ்கூட்டரை வெளியே தள்ளும் சத்தம் கேட்டது. அந்த ஸ்கூட்டர் முதல் உதையில் கிளம்பியதாக வரலாறு இல்லை. அப்பா உதைத்தார். உதைத்தார். முன்கட்டு ஷட்டர் ஏறியது. பட்டறையில் பிரிண்டர் கிர்ரென்றது.

அவள் அடுத்த கிர்ருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. ஒரு நிமிஷம் பொறுத்தாள். அப்போதும் வரவில்லை. கிளாஸை வைத்துவிட்டு ஓடினாள். மேசையில் ஒரே ஒரு சீட்டு, ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு மூக்கு. திரையைத் திறந்தாள். அண்டை வீடு: ஒன்று. உறவு: முழுமை. நம்பிக்கை வராமல் மறுபடி தட்டிப் பார்த்தாள். முழுமை.

டீ அறைக்குத் திரும்பி வந்தபோது, முன்கட்டுக் கதவின் நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கத் தலையைக் குனிந்து ஓர் உருவம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

“என்ன பண்ணின?” என்றான் ஒட்டடை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

“ஒண்ணும் பண்ணலை.”

“பொய் சொல்லாதே. சேர்ந்துடுச்சு.”

“நிஜமா ஒண்ணும் பண்ணலை, அண்ணா. இன்னைக்குத் தொடவே இல்லை. நீ என்ன பண்ணின?”

“தினமும் பண்றதைத்தான். நீ என்ன வச்சிருக்கியோ அதைப் பாத்து அதையே வச்சேன்.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “தினமுமா?”

“பின்னே? நீ பத்துன்னா நான் பத்து. போட்டுட்டு நிமிர்ந்தா நீ முப்பதுல நிக்கறே. சரி, முப்பதுக்கு வந்தா நீ பத்துக்குப் போயிடறே. பழைய வழியை நீ அழிச்சியேன்னு நான் அழிச்சா, நீ எழுதி வச்சிருக்கே. இவளுக்கு இன்னும் கோவம் தீரலைன்னு நினைச்சேன்.”

“நானும் உன்னோடதைப் பாத்துதான் மாத்தினேன்.”

“தினமுமா?”

“தினமும்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு முதலில் யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது.

“நீ எங்கே கத்துக்கிட்டே இதெல்லாம்?” என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

“மாலை வகுப்பு. மாற்று நாள். மூணாவது வரிசையில ஒரு பெஞ்சு ஆடும், தெரியுமா? நான் அட்டை வச்சா யாரோ வந்து எதிர்க்காலுக்கு மாத்திடறாங்க.”

அவள் முகமே சொல்லிவிட்டது. அவன் பெஞ்சின் மறுபாதியில் தொப்பென்று விழுந்தான். பெஞ்சு முனகியது. வெகுகாலத்துக்குப் பிறகு அதன் மேல் இரண்டு பேர்.

“நூலை நீதானே அறுத்தே?” என்று அவள் ஆணியைக் காட்டிக் கேட்டாள்.

“உன்னைக் கூப்பிடலாம்னு இழுத்தேன். அந்தப் பக்கத்துல இருந்து நீயும் இழுத்தே.”

ஆமாம், இழுத்தாள். அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

பின்பக்கம் அப்பா ஸ்கூட்டரை ஏதோ சொல்லித் திட்டிக்கொண்டே உதைப்பது கேட்டது. டீயக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பேச்சைக் கொண்டு போகக் கூடாதுன்னு நான் இத்தனை வருஷமா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன்,” என்றாள், அலமாரியிலிருந்து இரண்டு கிளாஸ்களை எடுத்து வைத்தபடியே. “உங்க அப்பாங்க ரெண்டு பேருமே என்கிட்ட ‘அவன் எப்ப டீக்கு வர்றான்?’னு தனித்தனியா விசாரிச்சுட்டு, மறுநாள் சரியா அந்த நேரத்துக்கே வந்து உக்காருவாங்க. யாராவது ஓடிப்போய் ஒருத்தரை மட்டும் நேரத்தை மாத்தாம இருக்கச் சொல்லுங்களேன்.”